இரு விடைகளுக்கும் ஆயத்தம்: வாழ்க்கைத் துணையின் விசா நேர்காணலும் குடும்பத்தின் கணக்கும்

புனேயில் உள்ள எங்கள் கிளைக்கு ஒரு திங்கட்கிழமை காலை, கதவு திறந்த சில நிமிடங்களிலேயே, முப்பது வயது மதிக்கத்தக்க வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் தம் நிரந்தர வைப்புகள் இரண்டையும் முதிர்வுக்கு முன்பே முடித்து, தொகையைச் சேமிப்புக் கணக்கில் சேர்த்துக்கொண்டு சென்றவர் அவர். அவருடைய மனைவி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட மாணவி. தாமும் அங்கே சென்று சேர்வதற்காக வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுத்திருந்தார். வாடகை வீட்டை மாத இறுதியில் காலி செய்வதாக வீட்டு உரிமையாளரிடம் சொல்லியிருந்தார். விமானப் பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை நடந்த நேர்காணல் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்தது. கடவுச்சீட்டுடன் ஒரு தாளையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விசா மறுக்கப்பட்டிருந்தது.

"சார், அந்த டெபாசிட்டைப் பழைய வட்டிக்கே திரும்பப் போட முடியுமா?" என்பதே எங்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி. முடித்த வைப்பை மீண்டும் உயிர்ப்பிக்க வழியில்லை. அன்றைய வட்டி விகிதத்தில் புதிதாகத்தான் தொடங்க முடியும் என்று சொன்னோம். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, "அவளிடம் இன்னும் முழுவதையும் சொல்லவில்லை" என்றார்.

இத்தகைய காலைப்பொழுதுகள் எங்கள் போன்ற கிளைகளுக்குப் புதியவையல்ல. கணவனோ மனைவியோ படிப்புக்காகவும் பணிக்காகவும் முன்னே செல்ல, மற்றவர் பின்னே செல்லக் காத்திருக்கும் குடும்பங்கள் இன்று நம் வாடிக்கையாளர்களிடையே நிறைய உண்டு. இருப்புச் சான்றிதழ் கேட்டு அவர்கள் வங்கிக்கு வருகிறார்கள். மறுப்புக்குப் பின் கணக்கைச் சரிசெய்யவும் வங்கிக்கே வருகிறார்கள். இரு வேளைகளிலும் அவர்களைக் கண்டவர்கள் என்ற முறையில் எங்களுக்குத் தெளிவான ஒன்றை இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறோம். விசா அதிகாரியின் முடிவு நம் கையில் இல்லை. அந்த முடிவு எதுவாயினும் குடும்பம் நிலைகுலையாமல் நிற்கும்படி செய்துகொள்வது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

மறுப்பு சொல்வது என்ன?

மறுப்புத் தாளில் உள்ள எண்ணைப் பலர் படிப்பதேயில்லை. முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். அமெரிக்கக் குடியேற்றம் மற்றும் குடியுரிமைச் சட்டம் 1952-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன் 214(பி) பிரிவின்படி, தற்காலிக விசா கேட்பவர் அந்நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்க எண்ணுபவர் என்றே முதலில் கருதப்படுவார். அவ்வாறு இல்லை என்று அதிகாரி ஏற்கும் வகையில் மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரரையே சாரும். மாணவரின் கணவனுக்கோ மனைவிக்கோ வழங்கப்படும் எஃப்-2 விசா இப்பிரிவுக்கு உட்பட்டது.

இதில் ஓர் இயல்பான இடர்ப்பாடு உண்டு. திரும்பி வருவதற்கான காரணங்களாக வேலை, சொத்து, குடும்பம் ஆகியவற்றை அதிகாரிகள் பார்க்கிறார்கள். சுற்றுலா செல்பவருக்கு ஊரில் இருக்கும் வாழ்க்கைத் துணை ஒரு பலம். எஃப்-2 விண்ணப்பதாரரோ துணையிடமே செல்கிறார். அந்தப் பலம் இடம் மாறிவிடுகிறது. எஞ்சியிருப்பவை வேலை, பெற்றோர், சொத்து, படிப்பு முடிந்தபின் இருவரும் என்ன செய்யப் போகிறார்கள் என்ற திட்டம் ஆகியவையே. எங்கள் வாடிக்கையாளர் வேலையை விட்டுவிட்டதாக நேர்காணலில் சொன்னார். தம் உறுதியை அது காட்டும் என்பது அவர் எண்ணம். திரும்பி வர ஒரு காரணம் குறைந்துவிட்டது என்று கேட்டவருக்குத் தோன்றியிருக்கக்கூடும்.

214(பி) மறுப்பு நிரந்தரத் தடையன்று. மீண்டும் விண்ணப்பிக்கக் கட்டாயக் காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை. ஆனால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. மறுபடி விண்ணப்பித்தால் கட்டணமும் மறுபடி செலுத்த வேண்டும். மாணவர் மற்றும் அவரைச் சார்ந்தோர் விசாவுக்கான விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூன் 17 முதல் 185 டாலர். மறுக்கப்பட்டாலும் அது திரும்பக் கிடைக்காது.

221(ஜி) என்ற எண் இருந்தால் நிலைமை வேறு. ஆவணம் ஏதோ குறைகிறது, அல்லது கூடுதல் பரிசீலனை நடக்கிறது என்பது அதன் பொருள். கேட்கப்பட்ட ஆவணத்தை ஓராண்டுக்குள் அளித்தால் அதே விண்ணப்பம் தொடரும். அந்த ஓராண்டு கடந்துவிட்டால் புதிதாக விண்ணப்பித்துப் புதிதாகக் கட்டணம் செலுத்த வேண்டும். தாளைப் படிக்காமல் மேசை இழுப்பில் போட்டுவிட்டு மனமுடைந்து இருந்தவர்கள், கடைசியில் ஒரே ஒரு சான்றிதழ்தான் குறைவாக இருந்தது என்று அறிந்த நேர்வுகளும் எங்களுக்குத் தெரியும்.

எச்-1பி பணி விசாவில் இருப்பவரின் துணைக்குரிய எச்-4, நிறுவனத்துக்குள் இடமாற்றம் பெற்றவரின் துணைக்குரிய எல்-2 ஆகியவற்றுக்கு, திரும்பி வரும் எண்ணத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்ற 214(பி) நிபந்தனை பொருந்தாது. அங்கே திருமணம் உண்மையானதா, முன்னே சென்றவரின் பணி உண்மையானதா என்பனவே கேள்விகளாகின்றன.

இவை எதுவும் உங்கள் இல்லறத்தின் மதிப்பை அளக்கும் தீர்ப்பல்ல. ஒரு நாட்டின் சட்டம் தனக்கு வேண்டிய ஒன்றைக் கேட்டது. அன்றைய தினம், அந்தச் சில நிமிடங்களில், அது அதிகாரிக்கு நிறைவாகத் தெரியவில்லை. அவ்வளவுதான். அமெரிக்கக் குடிமக்களே இந்த வேதனையிலிருந்து தப்பவில்லை. தம் கணவருக்குக் குடியேற்ற விசா மறுக்கப்பட்டதை எதிர்த்து அமெரிக்கக் குடிமகள் ஒருவர் தொடுத்த முன்யோஸ் வழக்கில், வெளிநாட்டவரான வாழ்க்கைத் துணை நாட்டுக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமையாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. சொந்தக் குடிமக்களுக்கே கதவு இவ்வளவு இறுக்கமாக இருக்கும்போது, மறுப்புக்கும் இடம் வைத்துத் திட்டமிடுவது அவநம்பிக்கை ஆகாது.

கணக்கு அறிக்கை பேசும் மொழி

நேர்காணலுக்கு முந்தைய வாரம் எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இருப்புச் சான்றிதழ். அது ஒரு குறிப்பிட்ட தேதியில் கணக்கில் இருந்த தொகையை மட்டுமே சொல்லும். ஆறு மாதக் கணக்கு அறிக்கையோ அந்தத் தொகை எப்படி வந்தது என்பதைச் சொல்லும். சராசரியாக 40,000 ரூபாய் இருந்துவரும் சேமிப்புக் கணக்கில், நேர்காணலுக்கு ஒன்பது நாட்களுக்கு முன் 12 லட்சம் ரூபாய் வந்து விழுந்தால், சான்றிதழ் 12 லட்சத்தைக் காட்டும்; அறிக்கை அந்த ஒன்பது நாட்களைக் காட்டும். படிப்பவரின் கண் எதில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தத் தொகை பெரியப்பா கொடுத்த உதவியாக இருந்தால் மறைக்க வேண்டியதில்லை. அவர் கையொப்பமிட்ட கொடைக் கடிதத்தையும், பணம் அவர் கணக்கிலிருந்தே வந்ததைக் காட்டும் அவருடைய அறிக்கையையும் சேர்த்து வையுங்கள். கடனாக இருந்தால் கடன் என்றே சொல்லுங்கள். கணக்கில் சில நாட்கள் பணத்தை வைத்துக் காட்டிவிட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு எடுத்துச் செல்லும் இடைத்தரகர்களிடம் மட்டும் போகாதீர்கள். நிதிச் சான்றுகளின் உண்மைத் தன்மையைத் தூதரகங்கள் வங்கிகளிடம் சரிபார்ப்பது உண்டு. பொய்யான தகவல் தந்து விசா பெற முயன்றதாக அதே அமெரிக்கச் சட்டத்தின் 212(ஏ)(6)(சி) பிரிவின் கீழ் முடிவு செய்யப்பட்டால், வாழ்நாள் முழுவதும் அந்நாட்டுக்குள் நுழையத் தகுதி இழக்க நேரிடும். அதிலிருந்து விலக்குப் பெறும் வழி மிகக் குறுகியது. சாதாரண மறுப்பு ஒரு தாமதம். பொய்யால் வரும் மறுப்பு ஒரு வடு. முன்தேதியிட்ட சான்றிதழை எந்தக் கிளை அதிகாரியிடமும் கேட்காதீர்கள். அவராலும் தர இயலாது, உங்களுக்கும் அது நன்மை செய்யாது.

எங்கள் வாடிக்கையாளர் வைப்புகளை முடித்ததற்கான காரணம் கேட்டோம். "சேமிப்புக் கணக்கில் பெரிய தொகை தெரிய வேண்டும் என்று நண்பர்கள் சொன்னார்கள்" என்றார். வைப்பைக் கலைக்காமலேயே, அவர் பெயரில் உள்ள வைப்புகளின் தொகை, தொடங்கிய நாள், முதிர்வு நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டுச் சான்றிதழ் தந்திருப்போம். இரண்டு ஆண்டுகளாக அசையாமல் இருக்கும் வைப்பு, நேற்று வந்து சேர்ந்த இருப்பைவிட நம்பத்தக்க சாட்சி. கேட்டிருந்தால் வட்டியும் மிஞ்சியிருக்கும், சாட்சியும் மிஞ்சியிருக்கும்.

இருவர் விடையும் ஒன்றாக இருக்கட்டும்

திருமணச் சான்றிதழ் இன்றியமையாதது. திருமணங்கள் அனைத்தும் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு சீமா எதிர் அஸ்வனி குமார் வழக்கில் அறிவுறுத்தியது. இருந்தும் மண்டப ரசீதையும் அழைப்பிதழையும் மட்டுமே வைத்துக்கொண்டு, நேர்காணல் தேதி கிடைத்தபின் பதிவு அலுவலகத்துக்கு ஓடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பதிவை முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். கடவுச்சீட்டு, ஆதார், வங்கிக் கணக்கு, திருமணச் சான்றிதழ் நான்கிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்னெழுத்து ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருப்பது நம்மவர்களிடையே மிகுதி.

நேர்காணலில் கேட்கப்படுபவை பெரும்பாலும் எளிய கேள்விகளே. எப்போது, எங்கே திருமணம்? துணை என்ன படிக்கிறார், எத்தனை ஆண்டுகள்? செலவுக்கு யார் பொறுப்பு? அங்கே போய் என்ன செய்வீர்கள்? எஃப்-2 விசாவில் செல்பவர் அங்கு வேலை செய்ய முடியாது என்பதை அறிந்திருக்கிறீர்களா? இவற்றுக்கு மனப்பாடமான விடை வேண்டாம். ஆனால் டி.எஸ்.-160 படிவத்தில் எழுதியதும், பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவத்தில் உள்ளதும், வாயால் சொல்வதும் முரண்படக் கூடாது. ஒரு மாலை தொலைபேசியில் இருவரும் சேர்ந்து அந்தப் படிவங்களை வரி வரியாகப் படியுங்கள். துணையின் ஆய்வுத் தலைப்பை இரண்டு எளிய வாக்கியங்களில் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள். இது சோதனைக்கான பயிற்சி மட்டுமன்று. தொலைவில் இருக்கும் துணையின் அன்றாடத்தை அறிந்துகொள்ளும் வாய்ப்பும்கூட.

மூன்று பட்டியல்கள்

ஆயத்தத்தில் பெரும்பாலோர் விட்டுவிடும் பகுதி குடும்பத்தின் வரவு செலவு. ஒரு தாளை எடுத்து மூன்று பட்டியல்களாகப் பிரிக்குமாறு நாங்கள் சொல்வது வழக்கம்.

முதல் பட்டியல்: விடை எதுவாயினும் ஆகும் செலவுகள். விசாக் கட்டணம், நேர்காணல் நகருக்குப் போய்வரும் பயணச் செலவு, சான்றிதழ்கள், நகல்கள் ஆகியவை இதில் அடங்கும். இந்தத் தொகை திரும்பாது என்று எண்ணியே செலவிடுங்கள்.

இரண்டாம் பட்டியல்: விசா கையில் வந்தபின் மட்டுமே செய்ய வேண்டியவை. விமானப் பயணச்சீட்டு, வேலை விலகல் கடிதம், வீட்டைக் காலி செய்தல், வண்டியையும் வீட்டுச் சாமான்களையும் விற்றல், வைப்புகளை முடித்தல், அந்நியச் செலாவணி வாங்குதல் எல்லாம் இங்கே வரும். விசா ஒட்டப்பட்ட கடவுச்சீட்டு வீடு வந்து சேரும் நாள்வரை இப்பட்டியலில் உள்ள எதிலும் கை வைக்காதீர்கள். முன்பதிவு செய்தே ஆக வேண்டும் என்றால் ரத்து செய்து பணம் திரும்பப் பெறக்கூடிய பயணச்சீட்டையே எடுங்கள். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் திரும்பப் பெற முடியாதவை.

மூன்றாம் பட்டியல்: மறுப்பு வந்தால் தேவைப்படுபவை. ஆறு மாதங்களுக்கான வீட்டுச் செலவு, மறுவிண்ணப்பக் கட்டணம், விடுமுறையில் துணை இங்கு வந்துபோவதற்கான பயணச்செலவு. இதற்கென ஒரு தனித் தொடர் வைப்பைத் தொடங்கலாம். விசா கிடைத்துவிட்டால் அதுவே அங்கு குடித்தனம் வைக்க உதவும். திடீரெனப் பணம் தேவைப்பட்டால், நிரந்தர வைப்பை முடிப்பதற்கு முன் அதன் பேரில் கடன் பெறும் வசதியைப் பற்றிக் கிளையில் கேளுங்கள். சில மாதத் தேவைக்கு, வைப்பைக் கலைப்பதைவிட அது இழப்புக் குறைந்ததாக இருக்கக்கூடும்.

வேலையைப் பற்றி ஒரு சொல். எஃப்-2 விசாவில் சென்றால் அங்கு ஊதியம் ஈட்ட இயலாது. எச்-4 விசாவில் சென்றாலும் உடனே வேலை செய்ய முடியாது. துணையின் நிரந்தரக் குடியுரிமைக்கான மனு குறிப்பிட்ட கட்டத்தை எட்டிய பின்னரே, 2015-ஆம் ஆண்டு விதியின்படி, பணி அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே இங்குள்ள வேலையை விடுவது குடும்பத்தின் ஒரு வருமானத்தை நிறுத்துவதாகும். ஊதியமில்லா விடுப்புக் கிடைக்குமா என்று மேலதிகாரியிடம் முதலில் கேளுங்கள். பல நிறுவனங்களில் அதற்கு இடமுண்டு, கேட்பவர்கள்தாம் குறைவு.

மறுப்பு வந்த நாளும் அடுத்த இரு வாரங்களும்

வெளியே வந்தவுடன், பேருந்திலோ ரயிலிலோ ஏறுவதற்கு முன், கேட்கப்பட்ட கேள்விகளையும் சொன்ன விடைகளையும் அப்படியே எழுதி வையுங்கள். இரண்டு நாள் கழிந்தால் நினைவு தன் விருப்பப்படி திருத்திக்கொள்ளும். மறுபடி விண்ணப்பிக்கும்போது இந்தக் குறிப்பே முதல் துணை.

பிறகு துணையிடம் முழுவதையும் சொல்லுங்கள். மறைத்த செய்தி, வேறு வழியாகத் தெரிய வரும்போது இரு மடங்கு வருத்தம் தரும். அங்கே நள்ளிரவாக இருந்தாலும் அவர் காத்துக்கொண்டுதான் இருப்பார். கேட்பவர்களும் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். "ஏன் அப்படிச் சொன்னாய்? இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்ற வாக்கியம் அன்று வேண்டாம். சாளரத்துக்கு முன் நின்றவர் அந்தச் சில நிமிடங்களை ஏற்கெனவே நூறு முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார். விடைகளை ஆராய ஒரு வாரம் கழித்து ஒரு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அன்றைய இரவுக்குச் சாப்பாடும் தூக்கமும் போதும்.

உறவினர்கள் கேட்பார்கள். புறப்படும் தேதியை முன்கூட்டியே ஊரறியச் சொல்லியிருந்தால் இந்தச் சுமை பெரிது. "இந்த முறை கிடைக்கவில்லை, மீண்டும் விண்ணப்பிக்கப் போகிறோம்" என்ற ஒரே வாக்கியத்தைக் குடும்பத்தில் எல்லோரும் சொல்லட்டும். இரு வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரே நாளில் சொல்லிவிடுவது நல்லது. செய்தி ஒரு வீட்டுக்கு முன்னும் மறு வீட்டுக்குப் பின்னும் போவதால் எழும் மனத்தாங்கல் மறுப்பைவிட நீண்ட காலம் நிற்கும்.

இரு வாரங்களுக்குப் பெரிய முடிவு எதையும் எடுக்க வேண்டாம். படிப்பை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று அங்கிருப்பவரும், எதையாவது விற்று வேறு வழியில் வருகிறேன் என்று இங்கிருப்பவரும் சொல்வது இந்த நாட்களில்தான். மறுநாளே மீண்டும் விண்ணப்பிப்பதும் பயன் தருவது அரிது. முதல் விண்ணப்பத்துக்குப் பின் என்ன மாறியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை இருக்கும்போதுதான் இரண்டாவது விண்ணப்பத்துக்கு வலு உண்டு. துணையின் முதலாண்டுத் தேர்ச்சி, நிலையான வேலை, ஒழுங்கான சேமிப்பு, தெளிவான திட்டம் ஆகியவை அத்தகைய மாற்றங்கள். முன்பு மறுக்கப்பட்டதா என்ற கேள்வி படிவத்தில் இருக்கும். "ஆம்" என்றே எழுதுங்கள்.

இந்த நாட்களில்தான் மோசடி அழைப்புகளும் வருகின்றன. மறுப்பை மாற்றித் தருவதாகவும், உள்ளே ஆள் இருப்பதாகவும் சொல்லிப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள். பணம் அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால் தாமதியாமல் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்து, உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள். முதல் சில மணி நேரங்களில் தெரிவித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

நாட்டுக்கு நாடு வேறுபடும் வழிகள்

எல்லா நாடுகளிலும் மேல்முறையீடு இல்லை என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை உள்ளவரின் கணவன் அல்லது மனைவிக்கான விசா மறுக்கப்பட்டால், காரணம் எழுத்தில் தரப்படும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவர் 28 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முன்கூட்டிச் செலுத்திய மருத்துவக் கூடுதல் கட்டணம் திரும்பக் கிடைக்கும். விண்ணப்பக் கட்டணம் கிடைக்காது. அந்த விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டு. வருமானம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்டு, அதுவும் ஆறு மாதங்கள் தொடர்ந்து கையிருப்பில் இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் இருப்புக் குறைந்தாலும் அந்த ஆறு மாதம் கேள்விக்குள்ளாகும். இங்கேயும் தொகையோடு சேர்ந்து பேசுவது காலம்தான்.

காத்திருக்கும் காலத்தில் வங்கிப் பணிகள்

படிப்புக்காக வெளிநாடு செல்பவர் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி வெளிநாடுவாழ் இந்தியராகக் கருதப்படுகிறார். எனவே அவருடைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இங்கேயே இருக்கும் துணையின் கணக்கு உள்நாட்டுக் கணக்காகவே தொடரும். விசா வருமுன் அதை மாற்ற வேண்டாம். இங்குள்ளவரின் சேமிப்புக் கணக்கில், வெளிநாட்டில் உள்ள வாழ்க்கைத் துணையை "இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்" என்ற முறையில் கூட்டாளராகச் சேர்க்க வழியுண்டு. அதற்கான படிவத்தைக் கிளையில் பெறலாம்.

தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். நிரந்தரக் கணக்கு எண் கட்டாயம். 2025 ஏப்ரல் 1 முதல், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பும் தொகைக்கு மூலத்தில் வரி வசூலிக்கப்படுவதில்லை. அதற்கு மேல் வசூலிக்கப்பட்டாலும், வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம். பயணத்துக்காக வாங்கிய அந்நியச் செலாவணி பயன்படாமல் போனால், 180 நாட்களுக்குள் திருப்பி ஒப்படைக்க வேண்டும். 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ள அனுமதியுண்டு. மறுப்பின் துயரத்தில் அலமாரியில் வைத்து மறந்துவிடும் டாலர் நோட்டுகள் பின்னாளில் சிக்கலாகக் கூடாது.

துணை விடுமுறைக்கு இங்கு வருவதானால், அவருடைய மாணவர் விசா செல்லுபடியாகும் தேதியையும் ஐ-20 படிவத்தில் பயணத்துக்கான கையொப்பத்தையும் சரிபார்த்த பின் புறப்படட்டும். இங்கு வந்து மாட்டிக்கொண்டால் ஒரு பிரிவு இரண்டு சிக்கல்களாகிவிடும்.

அதே வாடிக்கையாளர், மற்றொரு நாள்

முதலில் குறிப்பிட்ட வாடிக்கையாளர் அன்று எங்கள் மேசை முன் அமர்ந்தே மனைவியை அழைத்தார். வேலை, வீடு, வைப்பு என்று எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் சிறிது நேரம் மௌனம். பின்பு அந்தப் பெண்மணி கேட்டது ஒன்றே ஒன்று: "விலகல் கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டீர்களா?" அவர் கேட்டிருக்கவில்லை. அறிவிப்புக் காலம் இன்னும் முடியவில்லை. அவருடைய இடத்துக்கு வேறு ஆளும் வரவில்லை. நிறுவனம் ஒப்புக்கொண்டது. வீட்டு உரிமையாளர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வேறு வீடு பார்க்க வேண்டியதாயிற்று. பயணச்சீட்டுத் தொகையில் பெரும்பகுதியும் போயிற்று.

அடுத்த கல்வியாண்டில் அவர் மீண்டும் வந்தார். இம்முறை கேட்டது ஆறு மாதக் கணக்கு அறிக்கையும் வைப்புச் சான்றிதழும். மாதந்தோறும் ஊதியம், மாதந்தோறும் தொடர் வைப்பு, மனைவிக்கு அனுப்பிய சிறு தொகைகள் என்று அந்த அறிக்கையில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு தெரிந்தது. விமானச்சீட்டு எடுத்தாயிற்றா என்று கேட்டோம். சிரித்தார். "இல்லை சார். விசா கிடைத்தால் விடுப்புக்கு எழுதிக் கொடுப்பேன். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை அலுவலகம் போவேன். டிசம்பரில் அவள் இங்கே வருவாள்" என்றார்.

அம்முறை விசா கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தாலும் அந்தக் குடும்பத்துக்குத் திங்கட்கிழமை இருந்தது, டிசம்பர் இருந்தது. வாடிக்கையாளர்களாகிய உங்கள் ஒவ்வொருவருக்கும் முதல் விண்ணப்பத்திலேயே நல்ல விடை கிடைக்க வாழ்த்துகிறோம். அந்த விடைக்காகக் காத்திருக்கும் நாட்களில், வைப்பை முடிக்கும் படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன் ஒருமுறை எங்களிடம் பேசுங்கள்.